ஆளுக்கு ஒரு காது

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நம்பாதவர்கள் நின்றுகொண்டு கேளுங்கள். கூழ் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், பாய்லர் செய்கிற கொட்டகைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், கடைசிக் கொட்டகையின் கேட்டுக்குப் பக்கத்தில், கம்ப்ரசர் ரூம் சுவரை ஒட்டி என் கம்மங்கூழ் வண்டி நிற்கும். அந்தச் சுவரின் நிழல்தான் எனக்குக் கூரை. கூழ் ரெடி என்று நான் தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை, கொட்டகை போடுகிற கூச்சலில் அது யார் காதிலும் ஏறாது. பித்தளைக் கரண்டியால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு, டிங் என்று, அவ்வளவுதான். ஊசி மாதிரி எல்லாச் சத்தத்தையும் குத்திக்கொண்டு அது உள்ளே போய்விடும், ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்துவிடுவார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம், என் வண்டிக்கு நேர் எதிரே ஒரு டிரம் கிடந்தது. டிரம் என்றால் தண்ணீர் பிடிக்கிற டிரம் இல்லை, பாய்லருக்குத் தலையில் வைக்கிற இரும்பு உருளை, உள்ளே ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். ஆர்டர் கொடுத்தவன் பாதியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதிலிருந்து கேட்பாரில்லாமல் கிடந்தது. ஆள் நுழைந்து வெளியே வருகிற வட்ட வாய் ஒன்று திறந்தபடி, வேலிக்கம்பி அறுந்த இடத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் பங்குனி வெயில் ஆரம்பித்த சமயத்தில் அந்த வாய்க்குள்ளிருந்து ஒரு குயில் கூவியது. நிழல் தேடிப் போயிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் மோர் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உள்ளே சில்வண்டு கத்தியது, அதற்குப் பிறகு ஒரு கொலுசு நடந்தது, அதற்கும் பிறகு பால்காரன் சைக்கிள் மணி அடித்தது. இரும்புக்குள் கொலுசு நடந்தால் நடக்கட்டும், உலகத்தில் எது எதுவோ நடக்கிறது, என் கூழ் ரொம்பப் புளித்துவிடாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

இன்பவல்லிதான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் புருஷன் தனுஷ்கோடி கொட்டகையில் கவுஜிங் பார்க்கிறவன். கார்பன் குச்சியில் கரண்ட் ஏற்றி இரும்பை உருக்கி, உருகினதைக் காற்றால் ஊதித் தள்ளுகிற வேலை. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிறபோது, அந்தக் கூரைக்கும் மழைக்கும் நடுவில் தலையை வைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தச் சத்தம். தினமும் மத்தியானம் அவனுக்குச் சோற்றுத் தூக்கும், இடுப்பில் மகள் ரோகிணியுமாக வருவாள். அன்றைக்கு டிரம்முக்குள் குக்கர் விசில் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கூழம்மா, இது எங்க வீட்டுக் குக்கரு."

"போடி, ஊர்ல எல்லாக் குக்கரும் இப்படித்தான் அடிக்கும்."

"இல்ல கூழம்மா, கேளுங்க, மூணாவது விசிலுக்குத் தண்ணியக் கக்கிட்டு இருமும்."

கேட்டோம். மூன்றாவது விசிலுக்கு அது தண்ணீரைக் கக்கிவிட்டு இருமியது.

"காலைல அடுப்புக்குப் பக்கத்துலதான் அவரு உக்காந்திருந்தாரு. தண்ணி பிடிச்சிட்டு வர்றேன், விசில எண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். வந்து கேட்டா, அடிக்கவே இல்லையேங்கிறாரு. சோறு கஞ்சியாப் போச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, கொட்டகைக்காரர்களின் காது எதைக் கைவிடுகிறதோ அது போக்கிடம் இல்லாமல் இந்த டிரம்முக்குள் வந்து ஒண்டிக்கொள்கிறது என்று. புதிதாக வருகிற சத்தம் வாயருகில் சூடாக நிற்கும், விளிம்பில் கை வைத்தால் இட்லிப் பானை மாதிரிச் சுடும். பழையது மெல்ல மெல்லக் குளிர்ந்து உள்ளே போய், அடியில் சுற்றிக்கொண்டே கிடக்கும்.

இது ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டார்கள். லைன் வீடுகளிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள், ரேஷன் கடைக்கு வருகிற மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகத் தலையை உள்ளே விட்டு, அவரவர் வீட்டுச் சத்தத்தை அடையாளம் கண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள். வெல்டர் பெண்சாதி லூர்துமேரி அவளுடைய மெட்டியைக் கண்டாள். இன்னொருத்தி மாமியார் வெற்றிலை இடிக்கிற சத்தத்தைக் கண்டாள். வெள்ளிக்கிழமையானால் டிரம்முக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். லூர்துமேரி அதன் பக்கத்திலேயே ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றினாள், டிரம் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சண்டையும் வந்தது. "எம் புருஷன் காதுலேர்ந்து அவங்க அம்மா குரல் போயிருச்சு, என் குரல் போகல, யாருக்கு யாரு முக்கியம்னு தெரிஞ்சு போச்சுல்ல" என்று ஒருத்தி சொல்லப்போக, அந்த மாமியார் கூழ்ச் சொம்பைத் தூக்கி எறிந்தாள். சிரித்தோம்.

ஆம்பிளைகள் நம்பவில்லை. நம்பத்தான் முடியாதே, தலையை உள்ளே விட்டால் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. தொலைத்தவன் காதுக்கு எப்படிக் கேட்கும்? "எம் பொண்டாட்டி திட்டுறதையும் உள்ள போட்டுக்க சாமி, உனக்குக் கெடா வெட்டறேன்" என்று டிரம்மைக் கும்பிட்டுப் போவார்கள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த சேஃப்டி சார் ஒருவர், சின்ன வயசு, சத்தம் அளக்கிற ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து வாய்க்கு முன்னால் நீட்டினார். அப்புறம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரே காதை வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. மறுவாரம் காதை அடைக்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சு பிளக், ஜோடி ஜோடியாக, நீல நூலில் கோத்தது, டப்பா டப்பாவாக வந்து இறங்கியது.

அந்தக் கொட்டகை வழக்கத்தை இங்கேதான் நான் சொல்ல வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பிளக் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், கூட்டாளிகள் இரண்டு பேர் ஒரு ஜோடியை நூலை அறுத்து ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டார்களாம். அதுவே பழகி, மரியாதையாகி, சட்டமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு ஒருவன் கூட்டாளியாகச் சேருகிறான் என்றால், இரண்டு பேரும் நூலின் இரண்டு நுனியைப் பிடித்து இழுத்து அறுப்பார்கள், சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஒரு காது நமக்கு, ஒரு காது கிரேனுக்கு என்பது அவர்கள் பேச்சு. தலைக்கு மேலே இரும்பைத் தூக்கிக்கொண்டு கிரேன் நகர்கிறபோது மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்க ஒரு காது திறந்திருக்க வேண்டாமா? இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிறவன் கூட்டாளி இல்லாதவன், இல்லாவிட்டால் சாகத் துணிந்தவன்.

தனுஷ்கோடியின் கூட்டாளி வேறு யாரும் இல்லை, இன்பவல்லியின் தம்பி சின்னையாதான். ஒரே இரும்புக்கு இந்தப் பக்கம் மாமன் கவுஜிங் அடிப்பான், அந்தப் பக்கம் மச்சினன் கிரைண்டர் பிடிப்பான். மாமனுக்கு இடது காதில் பிளக், மச்சினனுக்கு வலது காதில்.

"அண்ணே, இப்ப நிறைய இருக்கு, ரெண்டு காதுலயும் போட்டுக்கங்க" என்று சேஃப்டி சார் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"ரெண்டையும் அடைச்சுட்டா கிரேன் மணிய யாரு சார் கேக்குறது? நீங்க வந்து பக்கத்துல நின்னு எங்களுக்குச் சொல்றீங்களா?" என்றான் சின்னையா.

"கிரேனுக்கு லைட்டு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்…"

"லைட்டு வந்ததும் அடைச்சுக்குறோம் சார். இப்ப கூழ் ஆறுது" என்றான் தனுஷ்கோடி. கூழ் ஆறுமா? எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், பாவம்.

சித்திரையில் பெண்களின் குரலே வர ஆரம்பித்தது. முதலில் வார்த்தையின் ஓரங்கள் வந்தன, ஸ் என்றும் ச் என்றும், அரிசியில் கல் பொறுக்கின மாதிரி, யாரோ பேச்சிலிருந்து அதை மட்டும் பொறுக்கிப் போட்டார்கள். பிறகு முழு முழு வார்த்தைகளாகவே வந்து விழுந்தன. கொட்டகைக்காரர்கள் எல்லாம் இந்தக் காலத்துப் பெண்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். வீடுகளில் டீவி சத்தம் தெருவுக்கு வந்தது. இன்பவல்லி ஒருநாள் டிரம்முக்குள் தன் குரலையே கேட்டாள், "ஏங்க, இங்க பாருங்களேன்" என்று. அதை அவள் காலையில் சொன்னபோது அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கோபமாக்கும் என்று நினைத்திருந்தாளாம்.

அதற்கு அடுத்த வாரம் ரோகிணி தலையை உள்ளே விட்டாள்.

"அம்மா, உள்ள ஒரு பாப்பா என்ன மாதியே பேதுது."

இன்பவல்லி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"ஆனா அந்தப் பாப்பா பாதிதான் பேதுது" என்றது பிள்ளை.

பாதிதான். 'அப்பா' என்றதில் 'ப்பா' மட்டும், சிரிப்பில் மேல்பாதி மட்டும், நடுவில் கிழித்த துணி மாதிரி. மீதிப் பாதி தனுஷ்கோடியின் இடது காதில் இன்னும் பத்திரமாக இருந்தது. பிளக் போட்ட காது. கிரேனுக்கென்று அவன் திறந்து வைத்திருந்த வலது காதுதான் பிள்ளையை டிரம்முக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்று வேலை விட்டு வெளியே வந்தவனை அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "எல்லாருக்கும் முன்னாடி அவமானப்படுத்தாதடி" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தான். தலையை உள்ளே விட்டான். நாங்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்றோம், எங்களுக்கெல்லாம் கேட்டது, அவன் வீட்டுக் குக்கர், அவன் பெண்சாதி வளையல், அவன் பிள்ளையின் அரைச் சிரிப்பு, அத்தனையும் அவன் முகத்தைச் சுற்றிக் கொசுக்கூட்டம் மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தன.

"இரும்பு வாசனை வருது" என்றான். "வேற ஒண்ணும் இல்லையே."

"நல்லாக் கேளுங்க."

"அதான் ஒண்ணும்…"

தலையை வெளியே எடுத்தவன் எங்கள் முகத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றியில் வட்டமாகத் துரு ஒட்டியிருந்தது. "பாப்பா அழுதா எனக்குக் கேக்குதுதான்" என்றான், யாரும் அவனைக் கேட்காமலே. பிள்ளையைத் தூக்கி இடது தோளில் வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஆனாலும் மறுநாள் காலையில் வலது காதை அவன் அடைத்துக்கொண்டு வரவில்லை. கிரேன் பயம் அவனுக்கு இதைவிடப் பெரிய பயமாக இருந்தது. குற்றம் சொல்ல முடியுமா? இரும்பு விழுந்து செத்தவனை அவன் பார்த்திருக்கிறான், சத்தத்தால் செத்தவனை யார் பார்த்தது?

பிறகு ஒருநாள் உச்சிவெயில். பெண்கள் தூக்குவாளிகளோடு டிரம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்ரசர் ஓட்டுகிற அய்யாக்கண்ணு எப்போதும்போல் மிஷினை ஓடவிட்டுவிட்டு என் வண்டியில் வந்து சொம்பைக் கையில் பிடித்திருந்தான். அப்போது டிரம்முக்குள் மணி அடித்தது.

வீட்டு மணி இல்லை, கோயில் மணி இல்லை. கணகணவென்று விடாமல் அடிக்கிற கிரேன் மணி.

ஒருத்தி பேசிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டாள். கொலுசுக்கும் குக்கருக்கும் வீடு உண்டு, உடையவள் உண்டு. இந்த மணி எல்லார் வீட்டுக்கும் பொது. கொட்டகைக்குள் இருக்கிற அத்தனை பேரில் யாரோ ஒருத்தன் கிரேன் மணியைத் தொலைத்துவிட்டான். யார் என்று மணி சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னுடையவனை நினைத்துக்கொண்டு தாலியைப் பிடித்தாள், லூர்துமேரி ஜெபமாலையைப் பிடித்தாள்.

இன்பவல்லி விளிம்பில் கை வைத்து வெடுக்கென்று எடுத்தாள். "சுடுது" என்றாள். "இப்ப அடிக்கிற மணிடீ இது, இப்ப!"

தலையை உள்ளே விட்டாள். மணிக்குப் பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல் கத்துவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, "மாமா! மேல! மாமா, மேல பாருங்க!" என்று. அது சின்னையாவின் குரல். சின்னையாவுக்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு மாமன்தான்.

அவள் ஓடினாள். கேட்டில் வாட்ச்மேன் கையை விரித்து மறித்தார், "தொப்பி இல்லாம உள்ள போகக் கூடாதும்மா, ஏம்மா, என்னம்மா ஆச்சு!" அவர் தோளுக்கு மேலே கொட்டகை வாசல் தெரிந்தது, உள்ளே இருட்டில் கவுஜிங் பொறி பூவாணம் மாதிரிக் கொட்டுவது தெரிந்தது, அந்தப் பொறிக்கு மேலே கறுப்பாக ஏதோ நகர்வதும் தெரிந்தது. "ஏங்க! ஏங்க!" என்று அவள் கத்தினாள். அவள் கத்தினது அவனிடம் போகவில்லை. எனக்கு முன்னால் டிரம்முக்குள்தான் விழுந்தது, சுடச்சுட, "ஏங்க! ஏங்க!" என்று. என் ஆயுசில் அதைவிடப் பயமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், தன் வாய் இனி உதவாது என்று. திரும்பினாள். என் வண்டியைச் சுற்றிக்கொண்டு, அய்யாக்கண்ணுவை இடித்து அவன் சட்டையெல்லாம் கூழாக்கிவிட்டு, அவன் திறந்து போட்டுவிட்டு வந்த கதவு வழியாகக் கம்ப்ரசர் ரூமுக்குள் போய், சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

"ஏய், ஏய்! அது ஃபோர்மேனக் கேக்காம…" என்று அய்யாக்கண்ணு கத்தினான்.

கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு அடங்கியது. கொட்டகைக்குள் காற்று நின்றது. காற்று நின்றால் கவுஜிங்கில் உருகின இரும்பு பறக்காது, அங்கேயே தேங்கிவிடும். தனுஷ்கோடி எரிச்சலோடு குச்சியை எடுத்து, முகமூடியைத் தூக்கி, ஹோஸ் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்க்கத் திரும்பினான். திரும்பினதில் தன் மேல் ஒரு நிழல் கிடப்பதைப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். சங்கிலி ஒரு பக்கம் நழுவி, இரும்புத் தகடு ஒன்று அவன் தலைக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது. அவன் பின்னால் பாய்ந்தான். தகடு அவன் நின்ற இடத்தில் வந்து நின்றது. அப்புறம்தான் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கொட்டகை வாயை மூடியிருந்தது. அந்த அமைதியில் டிரம்முக்குள்ளிருந்து எல்லாம் வெளியே வழிந்தது, குயிலும் கொலுசும் குக்கரும் மெட்டியும், பிள்ளைகளும் பெண்டுகளும், ரோடெல்லாம் வழிந்து ஓடியது. வெளியே வந்து நின்ற ஆம்பிளைகளுக்கு அது கேட்கவில்லை. நாங்கள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்பதை மட்டும் பார்த்தார்கள். முதன்முறையாக அவர்கள் நம்பினார்கள். ஒருவன் ஓடிவந்து வாயில் காதை வைத்து, "என்னுதும் இருக்கா? என்னுதும் இருக்கா?" என்று கேட்டான்.

தனுஷ்கோடி இடது காதிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். ரோகிணி அந்தப் பக்கம் வந்து "அப்பா" என்றாள். பாதிதான் கேட்டதோ முழுசாகக் கேட்டதோ, அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

போன சத்தங்களை அவரவர் காதில் ஏற்ற என்னென்னவோ செய்தார்கள், எண்ணெய் விட்டார்கள், மந்திரித்தார்கள், பெரியாஸ்பத்திரியிலும் காட்டினார்கள். கறந்த பால் மடிக்குத் திரும்பாது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேஃப்டி சார் கேட்ட லைட்டு வந்தது, சிவப்பாகச் சுற்றுகிற லைட்டு. கிரேனுக்கு முன்னால் கொடி பிடித்து ஒரு ஆள் நடக்கிறான், ஒவ்வொருத்தனையும் தோளில் தொட்டு நகர்த்துகிறான். எல்லாரும் இரண்டு காதிலும் அடைத்துக்கொள்கிறார்கள். நூலை அறுக்கிற வழக்கம் நின்றுவிட்டது. புதுக் கூட்டாளிகள் இப்போது ஒருத்தன் காதில் ஒருத்தன் பஞ்சை உருட்டி வைத்துவிடுகிறார்கள், கைதட்டல் மட்டும் பழையபடி இருக்கிறது.

டிரம்மும் அமைதியாகிவிட்டது. காலையில் வண்டியை நிறுத்தினதும் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். புதுசாக ஒன்றும் வராது, பழையதும் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டது, இப்போது ஏதோ காற்று சுற்றுகிற மாதிரி ஒரு முனகல்தான். பிள்ளைகள் தப்பித்தன என்று நிம்மதியாகக் கரண்டியைக் கையில் எடுப்பேன்.

போன ஆடியில் ரோகிணி அதற்குள் தலையை விட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண், மழலை போய்விட்டது.

"கூழம்மா, உள்ள உங்க டிங் கேக்குது" என்று என் காதோரம் வந்து சொன்னாள். "சுடுது."

ஐயோ, யாரோ ஒருத்தன் பிளக் போடாமல் திரிகிறான், என் கரண்டியைத் தொலைத்துவிட்டான் என்று பதறிப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வெளியே வருகிறவரை காத்திருந்து, அவர்கள் முதுகு காட்டி நிற்கிறபோது சட்டி விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், யார் திரும்பவில்லை என்று பார்க்க. சின்னையா திரும்பினான். அய்யாக்கண்ணு திரும்பினான். தனுஷ்கோடி இடது பக்கமாகச் சுற்றித் திரும்பினான். கொடிக்காரன், வாட்ச்மேன், எல்லாரும் திரும்பினார்கள். ஒருத்தன் பாக்கியில்லை. இன்னொரு தடவை தட்டினேன். மணிக்கட்டில் அதிர்ந்தது. மணிக்கட்டில் மட்டும்தான் அதிர்ந்தது.

எனக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்துச் சின்னையாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கிட்டே வந்தான். பையிலிருந்து ஒரு புது ஜோடியை எடுத்தான். பழக்க தோஷம், இரண்டு கையும் நூலின் இரண்டு நுனிக்கும் போனது, இழுக்கப்போனவன் நிறுத்திக்கொண்டான். நூலை அறுக்காமல் முழுசாக என் கழுத்தில் போட்டுவிட்டு, வாயசைத்து ஏதோ சொன்னான். "கூழம்மா" என்று இருக்கலாம்.

கதை அவ்வளவுதான். கூழ் வேண்டுமென்றால் சொம்பை நீட்டுங்கள், எனக்குத் தெரிந்துவிடும். வாயால் கேட்காதீர்கள், கேட்டால் அது எங்கே போய் விழும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.